பத்துக்கு இரண்டு

என் அக்கா பிலோமினம்மாளைக் கட்டிய அருளானந்தம் அத்தான் மின்சார மீட்டர் படிக்கிறவர். வீடு வீடாகப் போய், வாசலோரத்துப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஓடியிருக்கிற எண்ணைத் தாளில் குறித்து வருவது வேலை. குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீடுகளில் அப்போது லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தாவதில் நிற்கும், பிறகு ஒன்பதாவதில் நிற்கும். மற்ற மாடிகளுக்குப் படிதான். அத்தான் இருபத்தைந்து வருடம் அந்தப் படிகளில் ஏறி இறங்கினார். இரண்டு முட்டியும் போய்விட்டது. தைலம் தேய்க்காமல் அவர் படுத்த நாள் கிடையாது என்று அக்கா சொல்வாள்.

அந்தப் படிகளில்தான் அவர் பாட்டுக் கட்டுவார். வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே மெட்டை முனகிக்கொண்டு ஏறுவாராம். கதவைத் திறக்கிற சீனப் பாட்டிமார், பாட்டுக்காரன் வந்துவிட்டான் என்று தங்கள் பாஷையில் உள்ளே சத்தம் கொடுப்பார்களாம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பார். யாரிடமும் போய்க் கற்றதில்லை. காதால் கேட்டுக் கை பழகியதுதான்.

அவரைப் பற்றி யாரும் எழுதியதில்லை. எழுதும்படி அவர் ஒன்றும் செய்துவிடவுமில்லை. நம் நாடு அந்த ஆசியப் பாட்டுப் போட்டிக்குப் போய்வந்த பன்னிரண்டு வருடத்தில் பத்து வருடம் அவர் பாட்டு அனுப்பினார். ஒன்றும் தேறவில்லை, அவ்வளவுதான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்தப் போட்டி இப்போது பலருக்கு ஞாபகம் இருக்காது. ஆசியாவில் எட்டு ஒன்பது நாடுகள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு தடவை ஒரு ஊரில் நடத்துவார்கள். நாட்டுக்கு ஒரு பாட்டு. எழுபத்தாறில் நம் நாடு முதல் தடவை போனது. எட்டு நாட்டில் எட்டாவதாக வந்தது. பாடிய பெண் நல்ல பெண்தான். மார்க்குப் பலகையில் நம் கொடி கடைசியில் நின்றபோதும் சிரித்த முகம் மாறாமல் நின்றாள். டிவியில் பார்க்க எனக்குத்தான் பாவமாக இருந்தது. மறுநாள் தொழிற்சாலையில், சின்ன நாடு, போனதே பெரிசு என்று பேசிக்கொண்டார்கள். அடுத்தடுத்த வருடங்களிலும் அதே பேச்சுத்தான். எழுபத்தொன்பதில் ஒரே ஒரு தடவை ஒன்பதில் ஏழாவதாக வந்தோம். வேறொரு நாட்டுப் பாடகர் நடுவில் வரியை மறந்துவிட்டார், இன்னொரு நாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் பேப்பரில் படம் போட்டார்கள். எண்பத்தொன்றில் மறுபடியும் கடைசி.

போட்டிக்குப் போகிற பாட்டுக்கு இங்கே ஒரு தேர்வு நடக்கும். நம் நாட்டின் நான்கு மொழியில் எதிலும் யாரும் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, கேசட்டில் பதிந்து ரேடியோ நிலையத்துக்கு அனுப்பலாம். வந்ததில் ஆறைப் பொறுக்கி, தங்கள் பாடகர்களை வைத்துப் பாடவைப்பார்கள். அந்த ஆறில் எது போவது என்று மார்க்குப் போடப் பொதுமக்களில் ஏழு பேர். எழுபத்தேழில் அந்த ஏழு பேரில் நான் ஒருத்தி.

நானாகப் போகவில்லை. போஸ்ட்கார்டு போடச் சொல்லித் தமிழ்ப் பேப்பரில் அறிவிப்பு வந்திருந்தது. என் வீட்டுக்காரர் விளையாட்டாக என் பெயரில் ஒன்று போட்டுவிட்டார். "நீ எல்லாத்துலயும் குறை கண்டுபிடிக்கிறவ, உன்னைவிட்டா யாரு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. காலாங்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் எனக்குச் செக்கர் வேலை. தைத்து வருகிற சட்டையில் காலர், கை, பட்டன் ஓட்டை எல்லாம் பார்த்து, குறை இருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தனியே எறிய வேண்டும். நாளைக்கு நானூறு சட்டை. பார்த்துப் பார்த்து கண் அப்படியே ஆகிவிட்டது. பூசையில் சாமியாரின் மேலங்கியில் ஒரு நூல் தொங்கினால் அன்று எனக்குச் செபம் ஓடாது.

தேர்வு நாளன்று சாயங்காலம் எங்களை வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். என்ன என்று கேட்டேன். போட்ட மார்க்கை வெளியே சொல்லக்கூடாது, அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்து என்று அங்கிருந்த தமிழ்ப் பையன் சொன்னான். பெரிய வேலைக்கு முன்னால் செய்வது போல நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். என் மனதில் அது சத்தியம் ஆகிவிட்டது. ஆண்டவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு எப்படி மாற்றுவது?

எனக்குப் பக்கத்து நாற்காலியில் சேக் தாவூது என்று ஒருவர். தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர். எங்கள் இரண்டு பேரையும்தான் தமிழருக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். பாட்டு எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு என்று எண் மட்டும்தான். ஆறு பாட்டில் நாலாவது ஒன்றுதான் தமிழ்.

நாலாவது பாட்டு ஆரம்பம் நன்றாக இருந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. மறுபடி எழும்பி இன்னும் கொஞ்சம் மேலே போய், அங்கேயும் நின்றது. பாடிய பெண் எங்கே நிற்பது, எங்கே எடுப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். வார்த்தையும் அதிகம். நான் பத்துக்கு இரண்டு போட்டேன். காலர் கோணிய சட்டையை எப்படி எறிவேனோ அப்படித்தான். யோசிக்கக்கூட இல்லை. திரும்பியபோது பக்கத்துத் தாள் கண்ணில் பட்டது. சேக் தாவூது பாய் பத்து போட்டிருந்தார்.

கடைசியில் அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் விழுந்த ஏழு மார்க்கையும், போட்டது யார் என்று சொல்லாமல், கலைத்துப் படித்தார். நாலாவது பாட்டுக்கு மூன்று, நான்கு, இரண்டு, பத்து, மூன்று, ஐந்து, மூன்று. பிறகு, எழுதி இசையமைத்தவர் குவீன்ஸ்டவுன் திரு. அருளானந்தம் என்றார்.

அத்தான் பாட்டு அனுப்பியதே எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் கோயில் வாசலில் அத்தான் எனக்காக நின்றார். ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முகம் அப்படிப் பூரித்திருந்தது. ஆறில் ஆறாவதாக வந்தவர் முகம் மாதிரி இல்லை.

"ரோசு, அந்தப் பத்து நீதானே?"

நான் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"சொல்லாதே. சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருப்பாங்க. எனக்குத் தெரியும்."

நான் அந்த ஏழு பேரில் ஒருத்தி என்று அவருக்கு முன்பே தெரியுமாம். தெரிந்தும், என்னைச் சங்கடத்தில் விடக்கூடாது என்று அக்காவிடம்கூடப் பாட்டு அனுப்பியதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஆனால் அதற்கு முந்திய மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தபோது, கை கழுவிக்கொண்டே அந்த மெட்டை முனகினாராம். அதை வைத்து நான் கண்டுபிடித்திருப்பேன் என்று அவருக்கு நிச்சயம். எனக்கு அந்த மெட்டு ஞாபகமே இல்லை. தண்ணீர்ச் சத்தத்தில் யார் கேட்டது?

"ஏழு பேர்ல ஒருத்தருக்காவது என் பாட்டு விளங்கிச்சே, அது போதும்" என்றார்.

நான் சிரித்துவைத்தேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவர் பாட்டு அனுப்பினார். அனுப்புவதற்கு முன் ஒரு டின் பிஸ்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வருவார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுப் புதுப் பாட்டைப் பாடிக் காட்டுவார். முடித்துவிட்டு, "இதுக்கு எத்தனை?" என்பார். நல்லா இருக்கு அத்தான் என்பேன். அதை அவர் பத்து என்று எடுத்துக்கொண்டு போவார். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான். ஏறும், நிற்கும், ஏறும், நிற்கும். முதல் வருடத்துக்குப் பிறகு ஆறுக்குள்கூட ஒன்றும் வரவில்லை. அவர் சோரவில்லை. முதல் தேர்விலேயே பத்து வாங்கியவன் நான் என்பார். வேலை இடத்திலும் சொல்லியிருக்கிறார். அவருடைய சூப்பர்வைசர் ரிப்போர்ட் வாங்கும்போது கிண்டலாக "டென்" என்று கூப்பிடுவாராம். அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்கு அலுப்பாக இருக்கும். டின் பிஸ்கட்டைப் பார்த்தாலே நெஞ்சு கனக்கும். என்றைக்காவது சொல்லிவிடலாமா என்று நினைப்பேன். உடனே அந்தக் கையெழுத்து ஞாபகம் வரும். சத்தியத்தை மீறக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தியம் எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் முகத்துக்கு நேரே இரண்டு என்று சொல்லாமல் தப்பிக்க அதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்திருக்காது.

எண்பத்தைந்தில் நாங்கள் ஈசூனுக்குக் குடிவந்தோம். குவீன்ஸ்டவுனிலிருந்து அத்தான் இரண்டு பஸ் மாறி, டின்னைக் கட்டிக்கொண்டு வருவார். வந்ததும் முதலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வார்.

எண்பத்தாறு முடிகிற சமயம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. அடுத்த வருடத்தோடு நம் நாடு அந்தப் போட்டிக்குப் போவதை நிறுத்திக்கொள்கிறது. அதோடு பன்னிரண்டு வருடம் ஆகிவிடும், போதும் என்கிற மாதிரி நாலு வரிச் செய்தி. ஒரு வாரம் கழித்து அக்கா தனியாக வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"வேலையை விடப் போறாராம்டி."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. கடைசி வருடம், கடைசிச் சந்தர்ப்பம், மாடி ஏறிக்கொண்டே கட்டியதால்தான் பாட்டு எடுபடவில்லை, ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டுச் செய்யப்போகிறேன் என்கிறாராம். விலகல் கடிதம் எழுதிவைத்துவிட்டாராம். அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது. ஐம்பத்தைந்து வரை இருக்க வேண்டிய வேலை. சின்னவள் இன்னும் செகண்டரி ஸ்கூலில். முட்டி போன மனிதரை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

"எல்லாம் நீ குடுத்த பத்துடி" என்றாள் அக்கா. "அதை வச்சுக்கிட்டுத்தான் இந்த மனுஷன் பத்து வருஷமா ஆடறார். நான் சொன்னா, உனக்குப் பாட்டுத் தெரியாது, ரோசுக்குத் தெரியும்கறார். நீயே சொல்லு. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. திங்கக்கிழமை லெட்டரைக் குடுத்துருவார்."

அக்கா போனபிறகு செபமாலையை எடுத்தேன். பத்து மணி உருட்டுவதற்குள் மனம் எங்கேயோ போய்விட்டது. மறுநாள் வேலை விட்டு வரும்போது கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன். சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு, கையெழுத்து, சிலுவை அடையாளம், அத்தான் வேலை.

அவர், அந்தத் தாள் போட்டி நடத்துகிறவர்களுக்குக் கொடுத்த வாக்கு, போட்டி முடிந்ததோடு அதுவும் முடிந்தது, நீ சிலுவை போட்டுக்கொண்டதால் ஆண்டவர் அதில் கையெழுத்துப் போட்டுவிடவில்லை அம்மா என்றார். எனக்கு மூச்சு வந்தது. எழுந்திருக்கப் போனேன்.

"இருங்க. வருஷா வருஷம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு யாரு கையெழுத்து வாங்கினா?" என்று கேட்டார்.

மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் அத்தான் வந்தார், டின்னோடு. புதுப் பாட்டின் ஆரம்பம் மட்டும் ஆகியிருக்கிறது என்றார். உட்கார்ந்து பாடினார். கண்ணை மூடிக்கொண்டுதான் எப்போதும் பாடுவார். ஏறியது, நின்றது. ஏறியது, நின்றது. என் வீட்டுக்காரர் சந்தைக்குப் போகிறேன் என்று நழுவிவிட்டார்.

"இதுக்கு எத்தனை?"

"அத்தான், அந்தப் பத்து நான் போட்டது இல்ல."

அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்.

"நான் ரெண்டு போட்டேன்" என்றேன். "உங்க பாட்டுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா என்ன போட்டிருப்பேன்னு தெரியல. தெரியாமப் போட்டது ரெண்டு."

அவர் தொடையில் தாளத்துக்கு வைத்திருந்த கை அப்படியே இருந்தது. கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். திட்டுகிற மனிதர் இல்லை அவர்.

"பத்து வருஷமா நல்லா இருக்குன்னியே" என்றார் கடைசியில்.

"பொய் அத்தான்."

"எல்லாமா?"

"ஆரம்பம் எல்லாம் நிஜமாவே நல்லா இருக்கும். பெறகு நிக்குது. நீங்க மாடி ஏறுறாப்பல உங்க பாட்டும் ஏறுது, மாடிக்கு மாடி நின்னு நின்னு போகுது. கேக்கறவங்களுக்கு அது புரியல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விடாதீங்க என்று நான் சொல்ல நினைத்தேன். அந்த நேரத்தில் அதைச் சொன்னால் அக்கா அனுப்பித்தான் இதெல்லாம் பேசுகிறேன் என்று ஆகிவிடும். சொல்லவில்லை.

"அப்ப அந்தப் பத்து யாரோடது?"

சேக் தாவூது பாயைப் பற்றிச் சொன்னேன். தேக்காவில் இன்னும் கடை இருக்கிறதா என்று கேட்டார். மார்க்கெட் புதுக் கட்டடத்துக்கு மாறியபிறகும் இருக்கிறது, நான் இறைச்சி அங்கேதான் வாங்குகிறேன், ஆனால் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை என்றேன். எழுந்து செருப்பைப் போட்டார். நானும் கூடப் போனேன். அவரைத் தனியாக விட மனம் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். அவர் முகத்தில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பத்து என்னுடையது இல்லாவிட்டால் என்ன, வேறு ஒருவர் போட்டிருக்கிறாரே என்கிற நம்பிக்கை. அந்த ஒருவருக்காகவே திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மார்க்கெட்டில் கூட்டம். கீழே ஈரம். பாய்க்குத் தாடி நரைத்திருந்தது. கட்டையில் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தார். அத்தான் அரைக் கிலோ கேட்டார். பிறகு, எழுபத்தேழில் ஒரு பாட்டுத் தேர்வுக்கு மார்க்குப் போடப் போனீர்களாமே என்று ஆரம்பித்தார். பாய் கத்தியை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார்.

"அட, பக்கத்து நாற்காலித் தங்கச்சி! இத்தனை வருஷமா எங்கிட்ட கறி வாங்குது, ஒரு வார்த்தை சொல்லலையே."

"நாலாவது பாட்டுக்குப் பத்து போட்டீங்களாம்" என்றார் அத்தான். "எதுக்குப் போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா பாய்?"

"நாலாவதுன்னா எது? தமிழ்ப் பாட்டா?"

"ஆமா."

"அப்ப பத்துதான். வேற என்ன போடுவேன் லா? ஆறுல ஒண்ணே ஒண்ணு நம்ம பாட்டு. நம்மளே போடலன்னா யாரு போடுவா?" எலும்பைத் தராசில் தள்ளிக்கொண்டே சொன்னார். "பாட்டு என்னமோ ஞாபகம் இல்லண்ணே. அது ஓடறப்ப நான் வாட்சைப் பாத்துக்கிட்டு இருந்தேன், மஃரிப் தொழுகை நேரம் போயிடுமேன்னு."

அத்தான் தலையை ஆட்டினார். பாய் இறைச்சியைக் கட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஏதோ நினைவு வந்து சிரித்தார்.

"ஆனா அதுக்கு எவனோ ஒருத்தன் ரெண்டு போட்டிருந்தான். படிச்சப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவனுக்கு நம்ம பாட்டுன்னா எளக்காரம்."

நான் கண்ணாடி டம்ளரில் இருந்த அவருடைய டீயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல பாய்" என்றார் அத்தான், மெதுவாக. "அந்த ஆளு பாட்டைக் கேட்டிருக்காங்க."

பாய்க்குப் புரியவில்லை. அடுத்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் போய்விட்டார்.

சிராங்கூன் ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். வெயில் ஏறிவிட்டது. பூக்கடைப் பக்கமிருந்து மல்லிகை வாசனையும் வடிகால் நாற்றமும் சேர்ந்து வந்தன. அத்தான் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எங்கெங்க நின்னுச்சுன்னு சொல்லு" என்றார்.

"எதுல?"

"நாலாவது பாட்டுல. நீ ரெண்டு போட்டதுல."

பத்து வருடத்துக்கு முந்திய பாட்டு. ஆனால் நான் எறிந்த சட்டை எனக்கு மறக்காது. முதல் வரி நேராகப் போனது, இரண்டாவதிலும் குறை இல்லை, மூன்றாவதில் பாதியில் நிறுத்தியது தேவையில்லை என்றேன். அதற்குப் பிறகு வார்த்தை நிறைய, இரண்டு வரியை எடுத்தே போட்டிருக்கலாம் என்றேன். அவர் அந்த மெட்டை மூக்கால் முனகி, இங்கேயா என்றார். இன்னும் கொஞ்சம் முன்னால் என்றேன். எங்கள் பஸ் வந்தது. அவர் கவனிக்கவில்லை. நானும் கையைக் காட்டவில்லை.

"அங்க எனக்கு மூச்சு வாங்கும்" என்றார். "நாலாவது மாடித் திருப்பம். அதான் நிறுத்தினேன்."

"பாடறவளுக்கு மூச்சு வாங்கலையே அத்தான்."

அதற்கு அவர் கொஞ்சம் சிரித்தார். நான் அழக்கூடாது என்று வேறு பக்கம் பார்த்தேன். இன்னொரு பஸ்ஸும் போனது. பக்கத்தில் நின்ற அம்மாள் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள், நடு ரோட்டில் ஒரு மனிதர் முனகுகிறார், ஒருத்தி இங்கே, அங்கே என்று விரலால் காற்றில் குறி போடுகிறாள் என்று. மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினோம். உட்கார இடம் இல்லை.

திங்கட்கிழமை அத்தான் வழக்கம்போல வேலைக்குப் போனார். கடிதத்தை என்ன செய்தார் என்று அக்காவுக்கும் தெரியாது, அவள் கேட்கவும் இல்லை. அந்த வருடம் அவர் பாட்டு அனுப்பவில்லை. அக்கா ஒரு நாள் போன் பண்ணி, வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, ஏதாவது முனகினால் தேவலை போல இருக்கிறது என்றாள். நீதானே கேட்டாய் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். அவளும் பாவம். அவளுக்காக, அத்தானுக்காக, எனக்காகச் செபம் சொல்லிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

எண்பத்தேழு போட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு டிவியில் பார்த்தோம். அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். டின் இல்லை. நம் நாட்டுப் பாட்டு மேடைக்கு ஐந்தாவதாக வந்தது. பாடிய பையனுக்குக் குரல் நன்றாகத்தான் இருந்தது. மார்க்குப் போட ஆரம்பித்ததும் அக்கா நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். அத்தான் கடைசி எண் வரை பார்த்தார். ஒன்பதில் ஒன்பது. நம் கொடியை இன்னொரு தடவை காட்டிவிட்டு விளம்பரம் போட்டார்கள்.

"நடுவுல ஒரு தடவை திருப்பிப் பாடினானே, அது வேண்டாம்" என்றார் அத்தான், திரையைப் பார்த்தபடியே.

"ஆமா. அதுலதான் விழுந்துச்சு" என்றேன்.

"எத்தனை போடுவே?"

"நாலு."

அவர் கொஞ்சம் யோசித்து, நாலு சரிதான் என்றார். பிறகு, நாளைக்கு வேலை இருக்கு என்று அக்காவின் தோளைத் தொட்டு எழுப்பினார்.